பூனை நகம்: ஆயா வீட்டு வேலியும் பெரு நாட்டுக் கொடியும்

"டீச்சர், நேரம் இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பூனை நகம் வந்திருக்கு."

அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். போன் போட்டது எங்கள் தெருவின் கடைசி வீட்டு ஆயா. இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். 81 வயது. வட ஆர்க்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேரப்பிள்ளைகளுக்குப் புரியவும் புரியாது. அதனால்தானோ என்னவோ, என்னிடம் தமிழில் பேச அவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. டர்பனுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன்.

போய்ப் பார்த்தால், சமையலறை மேசை மேல் ஒரு பழுப்புக் காகிதப் பை. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி மகன் ஆயாவின் முட்டி வலிக்காக அனுப்பியது. உள்ளே செங்கல் தூளும் காப்பித் தூளும் கலந்த மாதிரி நிறத்தில் பொடி. பக்கத்தில் ஒரு செய்தித்தாள் விரிப்பு, அதன் மேல் பச்சை ஈரம் காயாத பட்டைகள், விரல் நீளத்துக்கு உரித்து வரிசையாகப் பரப்பியிருந்தன.

"இது என்ன ஆயா?"

"நம்ம வேலியிலே இருக்கிறதுதானே கண்ணு! பூ விடுதே மஞ்சளா, அதே பூனை நகந்தான். காசு குடுத்து எதுக்கு வாங்கணும்? காய வச்சு இடிச்சுக்கலாம்னு தோட்டக்காரப் பையனை விட்டு உரிச்சேன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்தச் செய்தித்தாள் விரிப்பினால்தான்.

ஆயா வீட்டுப் பின்சுவரை மூடிக்கொண்டு நிற்கும் கொடிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பேர் பூனை நகக் கொடி. வசந்தம் வந்தால் சுவர் முழுக்க எக்காளம் மாதிரி மஞ்சள் பூ. இதன் தாவரப் பெயர் டோலிகான்ட்ரா உங்குவிஸ்-காட்டி. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, இந்த நாட்டின் மரங்களை மூடி அமுக்கிக் கொல்லும் கொடி. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் 1பி வகை ஆக்கிரமிப்புத் தாவரம், வளர்க்கக் கூடாது, கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். பையில் இருந்த பொடி வேறு குடும்பத்துக் கொடியின் பட்டை. உன்காரியா டோமென்டோசா. ஸ்பானிய மொழியில் 'உன்யா தெ காட்டோ', அதற்கும் பூனை நகம் என்றுதான் அர்த்தம். பேர் ஒன்று, ஊரும் ஏறக்குறைய ஒன்று, செடி மட்டும் வேறு. நகம் மாதிரி எதையாவது வைத்திருக்கும் செடிக்கெல்லாம் அந்தக் கண்டத்தில் இந்தப் பேரை வைத்துவிடுகிறார்கள்.

ஆயாவைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். வேலிக் கொடியில் ஒரு காம்புக்கு இரண்டு சிற்றிலை, அந்த இரண்டுக்கும் நடுவே நுனியில் மூன்று கவராகப் பிரிந்த மெல்லிய பற்றுக்கம்பி. சுவரில் கீறிப் பிடித்து ஏறுவது அதுதான். நிஜமாகவே பூனைக்குட்டி பாதம் மாதிரிதான் இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. பெரு நாட்டுக் கொடியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். அந்தக் கணுவில் கட்டையாக, வளைந்த முள். பூவோ எக்காளம் இல்லை, சின்னச் சின்ன உருண்டை. நம் கடம்பம்பூவைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கடம்பும் உன்காரியாவும் ஒரே குடும்பம், காப்பிச்செடியும் இட்லிப்பூவும் நுணாவும் சேர்ந்த குடும்பம். "முருகனுக்குப் போடுற கடம்பா?" என்று ஆயா கேட்டார். அவர் கடம்பத்தை நேரில் பார்த்ததில்லை, பாட்டில் கேட்டிருக்கிறார். போனில் படம் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானே போய்ச் செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

நான் அதோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பையின் பின்புறச் சீட்டில் பொடி எழுத்தில் உன்காரியா டோமென்டோசா, உள்பட்டை, பெரு என்று மூன்றும் இருந்தன. செடியின் முழுப்பெயர், எந்தப் பாகம், எந்த நாடு. இந்த மூன்றும் இல்லாத பையை நான் கையால் தொட மாட்டேன். இரண்டு வருஷம் முன்பு நகரத்தில் ஒரு கடையில் 'பூனை நகப் பொடி' என்று மட்டும் போட்டிருந்த பாட்டிலை வாங்கி, வீட்டில் வந்து பார்த்து, திறக்காமலே வைத்துவிட்டேன். பட்டையாக இருந்தாலாவது பார்த்து, முகர்ந்து, தெரிந்தவரிடம் காட்டலாம். இடித்துப் பொடியாக்கிய பிறகு கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"போட்டுக் குடுங்க டீச்சர், உங்க கையாலே" என்றார் ஆயா. போட்டுக் கொடுத்தேன்.

அமேசான் கொடி என்றதும் சிலர் அயவாஸ்காவை நினைத்துக்கொள்வார்கள். அது பனிஸ்டெரியாப்சிஸ் காப்பி (நாம் குடிக்கும் காப்பி இல்லை) என்ற கொடி, சடங்குக்காக வேறொரு செடியின் இலையோடு சேர்த்துக் காய்ச்சுவது, மனத்தை மாற்றுவது. இது அது இல்லை. பூனை நகம் வலிக்கும் புண்ணுக்கும் காய்ச்சுகிற வீட்டு மருந்து.

இதை நெடுங்காலமாகப் புழங்கி வருகிறவர்கள் அஷானிங்கா மக்கள். பெருவின் நடுப்பகுதிக் காட்டில் பெரெனே, எனே, தம்போ ஆற்றங்கரைகளில் வாழ்கிறவர்கள். அவர்கள் மொழியில் இந்தக் கொடிக்கு 'சவென்டாரோ' என்று பேர். மூட்டு வலி, வயிற்றுப் புண், ஆறாத காயம், காய்ச்சல், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற என்று பல காரியத்துக்கு எடுக்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த க்ளாவுஸ் கெப்ளிங்கர் 1970களிலிருந்து அவர்களோடு பழகி இதை ஆராய்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விஷயம் உண்டு, அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்த மக்கள் மேல் தனி மரியாதை. ஒரே உன்காரியா டோமென்டோசாவுக்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது. இலை, முள், பூ எதை வைத்தும் பிரிக்க முடியாது. ஒன்றின் பட்டையில் இருப்பவை, மூலக்கூறில் ஐந்து வளையமுள்ள ஆல்கலாய்டுகள் (செடிகளில் இருக்கும் வீரியமுள்ள வேதிப்பொருள்கள்), மற்றதில் நான்கு வளையமுள்ளவை. நோய் எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட வேலையில் நான்கு வளையக்காரர் ஐந்து வளையக்காரருக்குத் தடை போடுகிறார். ஆய்வுக்கூடத்தில்தான் இது தெரியவந்தது. ஆனால் அஷானிங்கா பூசாரிகள் எது மருந்துக்கொடி, எது இல்லை என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள்.

இப்படிப் பிரித்தறிகிற கண் இருந்த இடத்தில் பிறந்த மருந்து இன்று பையில் ஏறிக் கடல் தாண்டி வருகிறது. பட்டை வருகிறது, அந்தக் கண் வருவதில்லை.

தயாரிப்பு நமக்குப் புதிதில்லை. கொடி முப்பது மீட்டர் வரை மரத்தில் ஏறும். அதைத் தரைக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். முன்பு வேரையும் தோண்டி எடுத்தார்கள், வேரை எடுத்தால் கொடியே போயிற்று. வெட்டிய தண்டின் கரடான வெளித்தோலைச் சுரண்டிவிட்டு உள்பட்டையை நார்நாராக உரித்துக் காயவைக்கிறார்கள். பெருவில் பொதுவாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் பட்டை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் மெல்லிய கொதி, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நாளில் இரண்டு மூன்று வேளை. கரும்புச் சாராயத்தில் பட்டையை ஊறப்போட்டு வைப்பதும் உண்டு. இக்கிட்டோஸ் நகரத்தின் பெலென் சந்தையில் அப்படி ஊறிய பாட்டில்களை வரிசையாக அடுக்கி விற்பார்கள். படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இங்கே வாரிக் சந்திப்பின் மேம்பாலத்தில் இருக்கும் முத்தி சந்தை, அதாவது ஆப்பிரிக்க நாட்டு மருந்துச் சந்தை, ஞாபகம் வரும். அங்கேயும் பட்டைதான், வேர்தான், உலக்கைச் சத்தந்தான்.

பொடியில் காய்ச்சுவதில் ஒரு சங்கடம். பட்டைத் துண்டு என்றால் அடியில் கிடக்கும், மேலே தெளிந்து வரும். பொடி மிதக்கும், பொங்கும், அடிப்பிடிக்கும். எனாமல் பாத்திரத்தில் முதலில் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சிறு தீயில் வைத்தேன். இரும்புச் சட்டி கூடாது. பட்டையில் துவர்ப்பு இருக்கிறது, இரும்போடு சேர்ந்தால் கடுக்காய் மை மாதிரி கறுத்துவிடும். சிலர் ஒரு பிழி எலுமிச்சை சேர்க்கச் சொல்வார்கள். ஆல்கலாய்டு புளிப்புத் தண்ணீரில் நன்றாக இறங்கும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. கொதி வந்ததும் முதலில் மர அறுவைப் பட்டறை வாசனை. பத்து நிமிஷத்தில் அது அடங்கி, மழை நின்ற பிறகு வெட்டுப்பட்ட மரத்தடியில் வருமே, அந்த வாசனை. நிறம் இந்த ஊர் ரூய்போஸ் தேநீரைவிட ஒரு படி கறுப்பு. நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியை நாலு மடிப்பாகப் போட்டு வடிகட்டினேன். வண்டல் துணியில் செம்மண் சேறு மாதிரி நின்றது. ஒரு மிடறு நான் குடித்துப் பார்த்தேன். முதலில் கசப்பு, பின்னால் நாக்கின் ஓரங்களை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. வேப்பம்பூ ரசம் குடித்து வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயமில்லை.

கிளறிக்கொண்டே நின்றபோது ஆச்சி ஞாபகம்தான். அம்பாசமுத்திரத்தில் கொல்லை வேம்பில் படர்ந்த சீந்தில் கொடியை அறுத்து வருவாள். "வேம்பில ஏறின சீந்திலுக்குத்தான் வீரியம்" என்பாள். கட்டைவிரல் தடிமனுள்ள தண்டாகப் பார்த்து, காகிதம் மாதிரி உரியும் மேல்தோலை நகத்தால் கீறி எடுத்துவிட்டு, அம்மியில் நைத்து, மண்சட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைப்பாள். காலையில் கசக்கிப் பிழிந்து சக்கையைத் தூர எறிவாள். தண்ணீரை அசைக்காமல் விட்டால் அடியில் மாவு படியும். மேல் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி இறுத்து, வெள்ளை ஆகும்வரை திருப்பித் திருப்பிச் செய்வாள். அதுதான் சீந்தில் சர்க்கரை. இனிப்புக்காக வைத்த பேர் இல்லை அது. ஒரு கூடைத் தண்டுக்கு ஒரு சின்ன டப்பா கிடைத்தால் அதிகம். அதைத் தேனில் குழைத்துக் கொடுக்கும்போது அளவைப் பற்றி ஆச்சியிடம் யாரும் பேரம் பேச முடியாது.

கொரோனா சமயத்தில் அதே சீந்திலைத் தண்ணீர் மாதிரிக் குடித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை எழுதினார்கள். அது சீந்திலே அல்ல, பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் டினோஸ்போரா கிறிஸ்பாவாக இருக்கும் என்று ஒரு வாதம், சீந்திலேதான் என்று மருத்துவர்கள் பதில் வாதம். ஆச்சியின் கொல்லையில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. கொடி எது என்று அவளுக்குத் தெரியும், அதை நட்டதே அவள்தான்.

இனி என் தவறு.

ஆயாவுக்கு அரை டம்ளர் வீதம் இரண்டு வேளை என்று ஆரம்பித்தோம். நாலாம் நாள் "இறங்கறப்போ வலி கொஞ்சம் தேவலை" என்றார். எனக்குச் சந்தோஷம். ஆறாம் நாள் காலை பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குக் கன்றிப்போன நீலம், இடித்துக்கொண்ட ஞாபகம் அவருக்கு இல்லை. உடனே கிளினிக்குக் கூட்டிப்போனோம். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை தவிர வேறென்ன எடுக்கிறீர்கள்?" ஆயாவின் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை எனக்குத் தெரியும். அதற்குக் கீழே வார்ஃபரின். இதயத் துடிப்பு சீராக இல்லை என்பதற்காக, ரத்தம் கட்டாமல் இருக்க, இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறாராம்.

பூனை நகம் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், ரத்த அழுத்தத்தை இறக்கலாம், ஈரல் சில மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் வழியிலும் குறுக்கிடலாம். இந்த மூன்றும் எனக்கு முன்பே தெரியும். படித்திருக்கிறேன். செடியின் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்தேன், குடிக்கப்போகிறவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சோதித்தார்கள், இருக்க வேண்டியதைவிட ஏறியிருந்தது. பொடியால்தான் என்று நர்ஸ் சொல்லவில்லை. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வேறு பல காரணத்தாலும் ஏறும், கீரை அளவு மாறினால்கூட மாறும். ஆனால் நிறுத்தச் சொன்னார், அன்றே நிறுத்தினோம். மாத்திரை அளவைக் கொஞ்சம் குறைத்து அடுத்த வாரம் மறுபடி பார்த்தார்கள், சரியாகிவிட்டது. அந்த ஒரு வாரம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

இதைப் படிக்கிற யாராவது வீட்டுப் பெரியவருக்கு இந்தப் பொடியை வாங்கி வைத்திருந்தால், அடுப்பை மூட்டும் முன்பு அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். ரத்தம் கட்டாமலிருக்க மருந்து, அழுத்தத்துக்கு மருந்து, மாற்று உறுப்புக்கு மருந்து, இவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்க்காரர்களும் கேட்டாக வேண்டும். அறுவைச் சிகிச்சை நாள் குறித்திருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. கருத்தரிக்காமல் இருக்கவே சில காட்டு மக்கள் இதை எடுத்து வந்திருக்கிறார்கள்.

முட்டி வலிக்குக் கேட்குமா என்றால், கொஞ்சம் கேட்கும் போலத்தான் இருக்கிறது. 2001இல் பெருவில் முட்டித் தேய்மானம் உள்ள 45 பேரிடம் சோதித்தார்கள், 30 பேருக்கு மருந்து, 15 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, நாலு வாரம். நடக்கும்போது, ஏறி இறங்கும்போது வரும் வலி முதல் வாரத்திலேயே குறைந்தது. உட்கார்ந்திருக்கும்போதும் ராத்திரியிலும் வரும் வலி குறையவில்லை. ஆயா சொன்ன "இறங்கறப்போ தேவலை" இதோடு ஒத்துப்போகிறது. இதில் பயன்படுத்தியது டோமென்டோசாகூட இல்லை, அதன் உடன்பிறப்பான உன்காரியா கியானென்சிஸ். 2002இல் வாத மூட்டழற்சிக்காரர் 40 பேரிடம் நடந்த ஆய்வில், 24 வாரத்தில் வலிக்கிற மூட்டுகளின் எண்ணிக்கை மருந்து எடுத்தவர்களுக்கு 53 சதவீதமும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 சதவீதமும் குறைந்தது. அது ஐந்து வளைய வகையாகவே தேர்ந்தெடுத்த பட்டையிலிருந்து எடுத்த சாரம், கூடவே வழக்கமான மருந்தும் சாப்பிட்டார்கள். சின்ன ஆய்வுகள். அதில் கொடுத்தது அளந்து பதப்படுத்திய சாரம், பையில் வரும் வெறும் பட்டைப் பொடிக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது.

இங்கே இன்னொரு நகமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், கடையில் இரண்டும் ஒரே தட்டில்தான் நிற்கும். பேய் நகம், ஹார்பகோஃபைட்டம். இது இந்த மண்ணுக்கே உரியது, கலஹாரி மணலில் விளைவது. காயில் கொக்கி கொக்கியாக இருக்கும், ஆட்டின் காலில் மாட்டினால் எடுக்க முடியாது. மருந்து காயில் இல்லை, பக்கக் கிழங்கில். தாய்க் கிழங்கை விட்டுப் பக்கக் கிழங்கை மட்டும் எடுத்து மண்ணை மூட வேண்டும். இதுவும் மூட்டு வலிக்குத்தான். ஆனால் பூனை நகத்துக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. ஒன்று தீர்ந்தால் மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். வார்ஃபரின்காரர்கள் இதிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆயாவுக்கு என் மேல் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பின்சுவர்க் கொடியை எடுத்துவிடலாம் என்று முடிவு. மேலே அறுப்பது சுலபம், அடியில்தான் வேலை. இந்தக் கொடி மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகச் சேர்த்து வைத்திருக்கிறது, ஒன்று தப்பினாலும் அடுத்த வருஷம் சுவர் ஏறிவிடும். ஆயா நாற்காலியைத் தோட்டத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு வாளி. பிள்ளைகள் தோண்டித் தோண்டிக் கொண்டுவந்து போட, அவர் தமிழில் எண்ண, அவர்களும் பின்னாலேயே சொன்னார்கள். இருட்டும்போது முப்பத்தேழு. சுவரோரம் இன்னும் பாதி இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை முப்பத்தெட்டிலிருந்து.